உறைந்துபோன கள்ளும் அப்ப மாவும்



பாலராமபுரம் பக்கத்தில் ஒரு வீடு. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள். கள்ளப்பத்திற்கு அரைத்த மாவும், மீதிக் கள் இருந்த கண்ணாடிப் புட்டியும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போயின. இடம் போதாமல் யாரோ இரண்டையும் மேலே ப்ரீஸருக்குள் தள்ளிவிட்டார்கள். இரவு பார்த்தால் இரண்டும் கல்லாக உறைந்திருந்தன. ஊரிலிருந்து வந்த உறவினர் பன்னிரண்டு பேர். விடிந்தால் அப்பம் சுட வேண்டும். கொட்டிவிடுவதா, காப்பாற்றுவதா என்று வீட்டில் ஒரே குழப்பம். இந்தச் சங்கடம் நம் வீட்டிலும் வரக்கூடும் என்பதால் சில விவரங்களைப் பார்ப்போம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு நம் அடுக்களை வரை வந்திருக்கிறது. தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்கு வந்தால் உரிமம் பெற்ற கடையில் கள் கிடைக்கும். ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் தூளில் பொங்கும் அப்பம், இந்தப் பக்கம் கள்ளில் பொங்குகிறது.

பானையில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் இனிப்பான பதநீர், அதாவது நம் அக்கானி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். கூடவே லாக்டிக் பாக்டீரியா புளிப்பைத் தரும். பெல்ஜியம் நாட்டில் யாரும் ஈஸ்ட் சேர்க்காமலே தானாகப் புளிக்கும் 'லாம்பிக்' பீரும் இதே வகைதான். அவர்களுக்குப் பார்லி, நமக்குப் பனையும் தென்னையும்.

உறையும்போது நடப்பது என்ன? தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடும். புட்டி வெடிப்பது இதனால்தான். முதலில் தண்ணீர்தான் பனிக்கட்டியாகும். ஆல்கஹாலும் புளிப்பும் மிஞ்சிய நீரில் செறிந்து நிற்கும். ஈஸ்ட்டில் ஒரு பகுதி சாகும், ஒரு பகுதி பிழைக்கும். புளிப்பு எங்கும் போய்விடாது. எனவே உறைந்தது என்பதற்காக மட்டும் கொட்ட வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. புட்டியில் கீறல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வடிகட்டிப் பயன்படுத்த நினைக்காமல் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கண்ணாடித் துணுக்கை வடிகட்டியை நம்பி விட முடியாது.

2. நல்ல புட்டியென்றால் மூடியைத் தளர்த்தி, ஒரு பாத்திரத்துக்குள் நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். வெந்நீரில் வைத்தால் கண்ணாடி தெறிக்கும்.

3. முதலில் உருகி வருவது காரமானது. அதை மட்டும் ஊற்றிவிடாமல், முழுவதும் உருகியபின் கலக்கிக்கொள்ளுங்கள்.

4. கால் கப் கள்ளில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்து ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். நுரை திரண்டால் ஈஸ்ட் உயிரோடிருக்கிறது. அப்பத்திற்கு ஆகும். நுரை இல்லையென்றால் வெதுவெதுப்பான தேங்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் சிறிது சர்க்கரையும் கரைத்துச் சேர்த்தால் போதும். வாசனைக்கும் புளிப்புக்கும் பழைய கள்ளே இருக்கிறது.

5. மூக்கைத் துளைக்கும் காடி வாடை வந்தால் அப்பத்திற்கு வேண்டாம். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, துணியால் வாய் கட்டிச் சில வாரம் வைத்தால் ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் நல்ல காடி கிடைக்கும்.

மாவையும் இதேபோல் கீழ்த்தட்டில் வைத்துத்தான் உருக்க வேண்டும். வெளியே வைத்தால் நடுவில் கட்டி இருக்கும்போதே ஓரம் அளவுமீறிப் புளித்துவிடும். உருகிய மாவு நீர்த்துத் தெரியும். பனித்துகள் மாவிலிருந்த வாயுக் குமிழ்களைக் கிழித்துவிடுவதே காரணம். இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்துப் பொங்குகிறதா என்று பாருங்கள். பொங்கவில்லையென்றால் மேற்சொன்ன ஈஸ்ட் கரைசல்தான் வழி. இட்லி மாவு என்றால் ஒரு கைப்பிடி உளுந்தைப் புதிதாக ஊறவைத்து நுரைக்க அரைத்துக் கலந்து மூன்று நான்கு மணி நேரம் விடலாம். அப்படியும் இட்லி அமுங்கினால் தோசைக்குக் குறையில்லை.

மாவில் இளஞ்சிவப்போ கறுப்போ படர்ந்திருந்தாலும், அழுகல் வாடை வந்தாலும் தயங்காமல் கொட்டுங்கள். உறைவதற்கு முன்பே கெட்டதைக் குளிர் நல்லதாக்காது. ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம்.

அந்த வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புட்டி கீறியிருந்ததால் கள் குப்பைக்குப் போயிற்று. மாவு பாத்திரத்தில் இருந்ததால் தப்பியது. இரவெல்லாம் கீழ்த்தட்டில் உருகி, காலையில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேர்ந்து பொங்கிற்று. அப்பம் இலைக்கு வரப் பத்து மணி ஆகிவிட்டதே தவிர, பன்னிரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.