ஒரு வாட்டுக்கு ஒன்பது கிலோ

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க வேண்டுமானால், ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். எடுத்த நிலக்கரியிலும் ஏறத்தாழ பாதி ஈரம்தான். ஒரு கிலோவை எரித்தால் கிடைப்பது சுமார் 2,650 கிலோகலோரி. அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது; மிச்ச வெப்பம் புகைபோக்கியிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் வெளியேறிவிடும். கணக்குப் பார்த்தால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட்.

ஆண்டு முழுக்க அணைக்காமல் ஓடும் கருவி ஒன்று, ஒவ்வொரு வாட்டுக்கும் 8.76 யூனிட் எடுத்துக்கொள்ளும். அதாவது ஒரு வாட்டுக்கு ஒன்பது கிலோ நிலக்கரி.

இப்போது பல வீடுகளில் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. சிசிடிவி பதிவு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் படங்களின் சேமிப்பு என்று ஏதாவது ஒரு வேலை அதற்கு இருந்துகொண்டே இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப், வேலையே இல்லாத நேரத்திலும் 60 முதல் 100 வாட் வரை இழுக்கும். 80 வாட் என்று வைத்தால் ஆண்டுக்கு 700 யூனிட். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்திலோ மந்தாரக்குப்பத்திலோ மின்வாரிய இணைப்பு உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த ஒரு பெட்டி மட்டுமே 115 யூனிட்டைத் தின்றுவிடும்.

இதை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும். பல மீட்டர்களில் அது 3,200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தால், 80 வாட்டுக்கு 14 விநாடிக்கு ஒருமுறை மினுக்கும். 15 வாட்டுக்கு 75 விநாடி காத்திருக்க வேண்டும்.

குறைப்பதை எங்கே தொடங்குவது? முதலில் கிராபிக்ஸ் கார்டு. ஃபைல் சேமிக்கும் வேலைக்கு அது தேவையில்லை. பிராசசரிலேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால் கார்டைக் கழற்றிவிடலாம். அடுத்தது, வீட்டு ஏசி மின்சாரத்தை கம்ப்யூட்டருக்கான டிசியாக மாற்றும் எஸ்எம்பிஎஸ். சாதாரண 80 பிளஸ் திறன் சான்று பெற்ற 500 வாட் எஸ்எம்பிஎஸ் ஆனாலும், அந்தச் சான்றுக்கான சோதனை 20 சதவீதச் சுமையில், அதாவது 100 வாட்டில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே போகப் போகத் திறன் சரியும். மூன்றாவது ஹார்ட் டிஸ்க். 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுழல்வதற்கே நாலைந்து வாட் கேட்கும். எஸ்எஸ்டிக்கு ஒரு வாட்டே அதிகம்.

பிராசசருக்குள் நடப்பது வேறு கணக்கு. டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடும் செலவு, வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறும். 1.2 வோல்ட்டை 1 வோல்ட்டாக இறக்கினால், அதே வேகத்தில் அந்தச் செலவு 30 சதவீதம் விழும். ஒரேயடியாக இறக்கினால் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிடக்கூடும். சிறிது சிறிதாக இறக்கிச் சோதிக்க வேண்டும். அந்த வம்பு வேண்டாம் என்பவர்கள் விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதம் என்று வைத்தால் போதும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டர்போ வேகம் நின்றுவிடும், சூடும் தணியும்.

இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்குகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது, பெட்டிக்குள் இன்னும் கூடும். எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டர்களில் தலை உப்பிய கெபாசிட்டரை மெக்கானிக்குகள் அடிக்கடி பார்ப்பது இதனால்தான். ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையே கம்பளிபோல் படிந்த தூசியை ஆண்டுக்கு இரண்டுமுறை ஊதி எடுப்பதும் கணிசமான உதவி.

இதற்கு மேல் பழைய பெட்டியில் குறைக்க முடியாத நிலை வரும். நெய்வேலியே அந்த நிலையைக் கண்டது. 1962-ல் உற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையத்தின் 50, 100 மெகாவாட் யூனிட்டுகள் 2020-ல் நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்துக்கு 500 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு வந்தன. வீட்டிலும் மாற்று உண்டு. 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி, வேலையில்லாதபோது பெரும்பாலும் பத்து வாட்டுக்குள் அடங்கும். ராஸ்ப்பெரி பை 4-க்கு மூன்று வாட் அளவே போதும். மூலையில் கிடக்கும் லேப்டாப்பும் உதவும்; ஆனால் பேட்டரியை எந்நேரமும் முழு சார்ஜில் வைத்தால் உப்பும் என்பதால், சார்ஜ் வரம்பை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டும்.

கரண்ட் போனால் இன்னொரு இழப்பு. இன்வெர்ட்டர், பேட்டரியின் டிசியை ஏசியாக்குகிறது. எஸ்எம்பிஎஸ் அதைத் திரும்ப டிசியாக்குகிறது. இரண்டிலும் கொஞ்சம் சூடாகக் கரைகிறது. இந்த மாற்றங்களைத் தவிர்க்கத்தான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, 48 வோல்ட் டிசியில் ஓடும் வீட்டு சோலார் அமைப்பை உருவாக்கியது. அதன் சிறிய வடிவம் இப்போது கடையிலேயே கிடைக்கிறது: ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ். 12 வோல்ட்டில் ஓடும் மினி பிசியையும் அதில் செருகலாம். செருகும் முன் யுபிஎஸ்ஸிலும் மினி பிசியின் அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.