கடல் நீரின் தழைச்சத்து: வரவும் செலவும்

மறுநடவு செய்த ரப்பர்த் தோட்டங்களில், இளங்கன்றுகளின் நிரைகளுக்கிடையே நிலத்தை மூடிப் படரும் பியூரேரியா முதலிய அவரையினக் கொடிகளைக் காணாத தொழிலாளர் இரார். அக்கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் தென்படும். ஒன்றை நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். இம்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. யூரியா ஆலைகள் மிகுந்த வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் செய்கின்ற வேலையை இவை ஓசையின்றிச் செய்து முடிக்கின்றன. அச்சிவப்பு நிறத்திற்கும் காரணம் உண்டு. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி பிராணவாயு பட்டால் கெட்டுவிடும். ஆகவே, நம் குருதியின் செந்நிறப் பொருளை ஒத்த ஒன்றைக் கொண்டு, முடிச்சுக்குள் பிராணவாயு மிகாதவாறு செடி காத்துக்கொள்கிறது.

இதே வேலை கடலிலும் நடைபெறுகிறது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். கடல் நீரிலும் அது ஏராளமாகக் கரைந்துள்ளது. ஆயினும் கடலில் மிதக்கும் நுண்செடிகளில் பெரும்பாலானவை அதனை அப்படியே உண்ண இயலாதவை. நைட்ரேட்டாகவோ அம்மோனியாவாகவோ மாறிய பின்னரே அது அவற்றுக்கு உணவாகும். வெப்பக் கடல்களின் மேற்பரப்பில் மரத்தூள் சிந்தியதுபோல் கூட்டங்கூட்டமாக மிதக்கும் டிரைக்கோடெஸ்மியம் என்னும் நுண்ணுயிரும் அதன் இனத்தவையும் அம்மாற்றத்தைச் செய்கின்றன. கடலுக்குத் தழைச்சத்து வரும் பெருவழி இதுவே. நுண்செடியைச் சிற்றுயிர் தின்ன, சிற்றுயிரை மீன் தின்ன, நம் வீட்டுக் குழம்புவரை அச்சத்து வந்து சேருகிறது.

இனி, செலவைப் பார்ப்போம். அரபிக் கடலை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சோமாலியா, ஓமான் கரையோரங்களில் ஆழத்து நீர் மேலெழுந்து வருகிறது. அதிலுள்ள சத்தினால் நுண்செடிகள் பெருகி, பின்னர் மடிந்து கீழே மூழ்குகின்றன. அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு தீர்த்துவிடுகின்றன. வடபுறம் நிலத்தால் அடைபட்ட கடலாதலால், புதுநீர் வந்து அக்குறையை விரைவில் நிரப்புவதில்லை. எனவே சுமார் 150 மீட்டர் முதல் 1,000 மீட்டர் ஆழம்வரை பிராணவாயு மிகக் குறைந்த நீர்ப்படலம் ஒன்று நிலைத்துள்ளது. பெரு, சிலி நாடுகளை அடுத்தும் மெக்சிகோவின் மேற்கிலும் உள்ள பசிபிக் கடற்பகுதிகளிலும் இத்தகைய படலங்கள் உள்ளன.

பிராணவாயு தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் மாண்டுபோவதில்லை. நைட்ரேட்டில் பிணைந்துள்ள பிராணவாயுவை உருவி மூச்சுக்குப் பயன்படுத்துகின்றன. எஞ்சிய நைட்ரஜன் வாயுவாகி, எவருக்கும் உணவாகாமற் போகிறது. நீர் தேங்கிய வயலில் இட்ட உரத்தின் ஒரு பகுதி வீணாவதும் இவ்வழியில்தான்.

நெடுங்காலம் இஃது ஒன்றே வழியென எண்ணப்பட்டது. ஆனால் ஒரு புதிர் இருந்தது. அழுகும் பொருளிலிருந்து வெளிவரும் அம்மோனியா அந்நீரில் சேர்ந்துகொண்டே போக வேண்டும். அவ்வாறு சேரக் காணோம். 1977ஆம் ஆண்டில் எங்கெல்பெர்ட் புரோடா என்னும் ஆஸ்திரிய அறிஞர், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் இணைத்து வாழும் நுண்ணுயிர் இயற்கையில் இருத்தல் வேண்டும் என்று கணக்கிட்டே கூறினார். 1990ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்தில் கழிவுநீரைத் தூய்மை செய்யும் தொட்டியில் அது கண்டறியப்பட்டது. 2003இல் கருங்கடலிலும் அது வாழ்வது உறுதியாயிற்று. சாக்கடையில் கிடைத்த விடை கடலின் கணக்கைத் தீர்க்க உதவியது வியப்பே! பெருவை அடுத்த கடலில் இவ்வுயிரின் கை ஓங்கியுள்ளது. அரபிக் கடலிலோ பழைய வழியே முதன்மையானது என 2009இல் வெளிவந்த ஆய்வு கண்டது.

பிராணவாயு முற்றும் அற்ற நீர் உலகக் கடல்களின் கொள்ளளவில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாது. எனினும் கடலின் தழைச்சத்து இழப்பில் 20 முதல் 40 விழுக்காடுவரை அங்கேதான் நிகழ்கிறதென மதிப்பிடுகின்றனர். மீதத்தின் பெரும்பகுதி கடலடிச் சேற்றில் நிகழ்வது.

இழப்பு நேரும் இடத்தருகே வரவும் தூண்டப்படுகிறது. நைட்ரேட் குறைந்து பாஸ்பேட் மிஞ்சிய நீர் மேலெழுந்தால், பிற நுண்செடிகள் தழைச்சத்தின்றித் தளரும். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்க வல்லவை மட்டும் செழிக்கும். பிராணவாயு குன்றிய நீரினுள்ளேயே அத்தகைய நுண்ணுயிர்கள் சில பெரு அருகே காணப்பட்டுள்ளன. வேர் முடிச்சின் கதையை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. ஆனால் வரவு செலவை ஈடுசெய்கிறதா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை.

இக்கணக்கு நம்மைத் தொடுவதற்குக் காரணம் உண்டு. 1960 முதல் 2010 வரையிலான அரை நூற்றாண்டில் உலகக் கடல்கள் தம் பிராணவாயுவில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை இழந்துவிட்டன. வெப்பமுற்ற நீர் வாயுவைக் குறைவாகவே தாங்கும் என்பது ஒரு காரணம். வயல்களில் இட்ட உரம் மழையில் கரைந்து ஆற்றுவழி கடலை அடைந்து நுண்செடிகளை அளவின்றி வளர்ப்பது, கரையோரங்களில் மற்றொரு காரணம். மேலும், பிராணவாயு குன்றிய நீரின் விளிம்புகளில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் பிறக்கிறது. பல் மருத்துவர் பயன்படுத்தும் சிரிப்பு வாயு இதுவே. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 270 மடங்கு வெப்பத்தை இது வானில் தேக்கிவைக்கும். இந்தியாவின் மேற்குக் கரையில், தென்மேற்குப் பருவக்காற்று ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிராணவாயுவற்ற நீர் கரையோர ஆழமற்ற பகுதிவரை ஏறிவருவதையும், அங்கே இவ்வாயு மிகுதியாக வெளிப்படுவதையும் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிலையத்தார் அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.