பயிற்சி நின்று போனால் மனம் தளர வேண்டாம்

சித்திரை விளையாட்டுப் போட்டிக்கென்று தை மாதத்தில் பத்துப் பேர் ஓடத் தொடங்கினால், பங்குனியில் மூன்று பேர்தான் மைதானத்தில் நிற்பார்கள். மற்ற ஏழு பேரும் சோம்பேறிகளா? இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கால் சுளுக்கு, இன்னொருவர் வீட்டில் ஒரு துக்கம். சில கிழமைகள் கழித்துத் திரும்பி வருகிறார்கள். பழையபடி ஓடிப் பார்க்கிறார்கள். "மூச்சு வாங்குது, இனி நமக்குச் சரிவராது" என்று அன்றோடு விட்டுவிடுகிறார்கள். முதல் தடவை நின்றதில் பெரிய நட்டமில்லை. இரண்டாவது தடவை நிற்பதுதான் நட்டம்.

இரண்டு கிழமை ஓடாமல் இருந்தால் மூச்சுப் பலம் குறையத் தொடங்கும். தசையின் பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒரு தடவை பழகிய உடம்பு, புதிதாகப் பழகும் உடம்பைவிடச் சீக்கிரமாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் கொடுக்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் அடுத்த கிழமையே கொழுந்து எடுக்க முடியுமா?

ஆகவே பாதியிலிருந்து தொடங்குங்கள். முன்பு நாலு சுற்று ஓடியவர் முதல் கிழமை இரண்டு சுற்று ஓடினால் போதும். பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டு போகக்கூடிய வேகமே சரியான வேகம். அடுத்த கிழமை மூன்று, அதற்கடுத்த கிழமை நாலு. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. ஓடும்போது நெஞ்சு நோவு, தலைசுற்று வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கால் சுளுக்கினால் அன்றைக்கே சூடெண்ணெய் போட்டு உருவ வேண்டாம், வீக்கம் கூடும். காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போடுங்கள். காலை ஊன்றி நடக்கவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும்.

நம் பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று உண்டு. பயிற்சிக்கு வந்தும் சீக்கிரம் களைத்துப் போகிற பிள்ளையை, "ஒனக்கு உடம்பு வளையல" என்று ஏசுகிறோம். அது இரத்தக் குறைவாக இருக்கலாம். இரத்தம் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கீரை, பருப்பு, நெத்தலி இவற்றோடு ஒரு துண்டு தேசிக்காயும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனை எல்லோரும் அறிவோம். அவரது பாட்டனாரும் தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்தான். 2004இல் முரளிதரனுக்குத் தோள்பட்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. பந்து வீசும் தோளே பழுதாகிப் பல மாதம் விளையாடாமல் இருந்தார். திரும்பி வந்து 2010 ஜூலையில், காலியில் நடந்த தமது கடைசி டெஸ்ட் போட்டியில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை திரும்ப ஓடத் தொடங்கும் முதல் நாளில், "போன தடவையும் இப்படித்தானே விட்ட" என்று சொல்லாதீர்கள். பயிற்சிக்குப் போன நாளையெல்லாம் வீட்டுக் கலண்டரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடையில் சில நாள் வெறுமையாக இருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு மறுபடி ஒரு கோடு விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.