கணப்பு உலையை ஆளும் தெர்மோஸ்டாட்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலுள்ள மினசோட்டா மாநிலத்தில், ஜனவரி மாதத்து இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்குவது அபூர்வமன்று. அங்கே வீட்டைச் சூடாக வைத்திருப்பது வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயம் அன்று. கணப்பு உலை ஓர் இரவு முழுவதும் நின்றுவிடின், சுவருக்குள் செல்லும் குழாய்களில் நீர் உறைந்து விரிவதனால் குழாய்கள் வெடிக்கக்கூடும். முதியோரும் குழந்தைகளும் உடல் வெப்பம் குன்றி ஆபத்தான நிலையை அடையக்கூடும். குளிர்காலத்தில் வீட்டினுள் குறைந்தது 18 டிகிரி வெப்பம் இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. இவ்வெப்பத்தைக் காத்துவருவது சுவரில் மாட்டப்பட்ட தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவியாகும்.

இக்கருவியின் பிறப்பில் ஆசிரியர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பேராசிரியராயிருந்தவர் வாரன் ஜான்சன். அறை குளிர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகப் பணியாள் அடிக்கடி வகுப்பினுள் நுழைவது பாடத்திற்கு இடையூறாயிருந்தது. அறையின் வெப்பநிலை மாறியதும் பணியாளுக்கு மணியடித்து அறிவிக்கும் மின்சாதனம் ஒன்றை அவர் அமைத்து, 1883இல் காப்புரிமை பெற்றார். உலையின் காற்றுக் கதவைத் தானே திறந்து மூடும் அமைப்பை மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பார் 1885இல் உருவாக்கினார்.

பழைய தெர்மோஸ்டாட்டின் உயிர்நாடி ஈருலோகத் தகடு. சமமாக விரியாத இரு உலோகங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சூடேற்றினால் தகடு ஒரு பக்கமாக வளையும். அவ்வளைவே மின்சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும். மின்சார இஸ்திரிப் பெட்டிகள் பலவற்றிலும் இதே தகடு இருப்பதால், மாணவர்க்கு இத்தத்துவத்தைக் காட்ட ஆசிரியர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1953இல் வெளிவந்த ஹனிவெல் நிறுவனத்தின் வட்டவடிவக் கருவி இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. அவ்வகைக் கருவிகளில் பாதரசம் அடங்கிய கண்ணாடிக் குமிழ் உண்டு. ஆதலின் பழையதைக் கழற்றுவோர் அதனைக் குப்பையில் எறியலாகாது. அபாயப் பொருள்களைப் பெறும் நிலையத்தில் சேர்த்தல் வேண்டும்.

இன்று பரவிவரும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டில் தகட்டிற்குப் பதிலாக, வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் உள்ளது. அதனுடன் ஒரு நுண்கணிப்பொறியும், வைஃபை மூலம் கைபேசியுடன் பேசும் வானொலிப் பகுதியும் சேர்ந்துள்ளன. இக்கருவியை அமைப்பதில் உண்டாகும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த மாறுதலிலிருந்தே பிறக்கின்றன. பழைய கருவி வெறும் சுவிட்சு. தனக்கென்று மின்சாரம் கேட்காது. புதியதற்கோ திரைக்கும் வானொலிக்கும் இடைவிடாத மின்சாரம் தேவை.

முதலில் மெயின் பலகையில் உலைக்குரிய மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பின்பு பழைய கருவியில் குறித்துள்ள வோல்ட்டைப் பார்க்க வேண்டும். உலைகளின் கட்டுப்பாட்டுச் சுற்று வழக்கமாக 24 வோல்ட்டில் இயங்கும். 240 வோல்ட்டில் இயங்கும் சுவரடி மின்கணப்புக்கு இக்கருவி பொருந்தாது. அதற்கெனச் செய்யப்பட்டதையே வாங்க வேண்டும். கம்பிகளைக் கழற்றுமுன் அவற்றைப் படமெடுத்துக்கொள்வது நன்று. கம்பியின் நிறத்தை நம்பலாகாது. முனையில் பொறித்த எழுத்தே பிரமாணம். ‘ஆர்’ மின்சாரம் வருவது, ‘டபிள்யூ’ வெப்பத்திற்கு, ‘ஒய்’ குளிர்விப்பிற்கு, ‘ஜி’ விசிறிக்கு. மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுக்கம்பி ‘சி’ ஆகும். பல பழைய வீடுகளில் இந்த ‘சி’ இணைக்கப்பட்டிராது. ஆயினும் சுவரினுள் பயன்படாத கம்பி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அதனை இருமுனையிலும் ‘சி’யில் இணைத்தால் போதும். அதுவுமில்லையெனில் தனி மின்மாற்றி பொருத்தலாம்.

கருவி உட்சுவரில், தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்தில், வெயிலும் விளக்கின் சூடும் வாயிற்காற்றும் படாத இடத்தில் இருத்தல் வேண்டும். கம்பி வரும் துளையை அடைக்கப் பலர் மறந்துவிடுகின்றனர். சுவரினுள்ளிருந்து வரும் குளிர்காற்று கருவியின் முதுகில் பட்டால், அறை சூடாயிருந்தும் உலை எரிந்துகொண்டேயிருக்கும்.

இரவில் வெப்பத்தைக் குறைத்தால், காலையில் மீண்டும் சூடேற்றும்போது மிச்சம் யாவும் செலவாகிவிடும் என்பது பரவலான அபிப்பிராயம். இது தவறு. வீடு இழக்கும் வெப்பம் உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேற்றுமையைப் பொறுத்தது. உள்ளே 21 டிகிரி, வெளியே உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி எனின் வேற்றுமை 36. உள்வெப்பம் 17 ஆகும்போது அது 32. இழப்பு ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது. தினமும் 8 மணி நேரம் 4 முதல் 5.5 டிகிரி வரை குறைத்தால், ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு.

வெப்பப் பம்பு உள்ள வீடுகள் இதற்கு விலக்கு. விடியற்காலையில் ஒரேயடியாக வெப்பத்தை உயர்த்தினால், செலவு மிகுந்த துணை மின்கணப்பு இயங்கத் தொடங்கி மிச்சத்தை விழுங்கிவிடும். ஆதலின் அங்கே ஓரிரு டிகிரி குறைப்பதே போதும். பம்பின் திசைமாற்று வால்வுக்குரிய அமைப்பைத் தவறாகக் குறித்துவிட்டால், வெப்பம் கேட்கும்போது குளிர்காற்று வரும்.

வீட்டில் ஆளில்லை என்று கருவி தானே ஊகித்து வெப்பத்தைக் குறைக்கும் வசதியைச் சற்று ஐயத்துடனேயே நோக்க வேண்டும். படுக்கையிலிருக்கும் முதியவரின் நடமாட்டம் அதன் கண்ணுக்குப் படாமற் போகலாம். அத்தகைய வீடுகளில் இவ்வசதியை நிறுத்திவைப்பதே தக்கது. ஆளில்லாத வீட்டிலும் கீழ் எல்லையை 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால் குழாய்கள் காக்கப்படும். 2016 ஜனவரியில் ஒரு நிறுவனத்தின் கருவிகளில் மென்பொருட் பிழையால் மின்கலம் தீர்ந்துபோய், கடுங்குளிரில் பல வீடுகளின் கணப்பு நின்றுவிட்டது. எனவே வெப்பம் இறங்கினால் கைபேசிக்கு எச்சரிக்கை வரும்படி அமைப்பதோடு, கருவியைக் கையால் இயக்கும் முறையையும் வீட்டிலுள்ள யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அமைத்து முடிந்ததும் மின்சாரத்தை இணைத்து, அறையின் வெப்பநிலைக்கு மேல் 2 டிகிரி உயர்த்தி வைக்க வேண்டும். சில நிமிடங்களில் உலை மூண்டு காற்றுவழிகளில் சூடான காற்று வரவேண்டும்; எண்ணைக் குறைத்ததும் உலை அணைய வேண்டும். உலைப் பழுது பார்ப்போர் எளிதில் கிடைக்கும் செப்டம்பர் மாதமே இச்சோதனைக்கு ஏற்றது.