கருக்குழந்தையின் இதயத் துடிப்பு

பிரசவ வலியின்போது கருப்பை சுருங்குந்தோறும், நஞ்சுக்கொடிக்கு வரும் தாயின் இரத்தம் சிறிது நேரம் தடைப்படுகிறது. நல்ல வளர்ச்சியுள்ள குழந்தை இதனைத் தாங்கிக்கொள்ளும். தாய்க்கு இரத்தக் கொதிப்பு, நீரிழிவு அல்லது கடுமையான சோகை இருந்தாலும், கருவின் வளர்ச்சி குன்றியிருந்தாலும், குழந்தையின் தாங்குசக்தி குறைவாகவே இருக்கும். அதன் நிலையை வெளியிலிருப்போர் உணர இதயத் துடிப்பே தலையாய வழி.

நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை என்பது இயல்பான துடிப்பு. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. அது எப்பொழுது மாறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வலியின் உச்சத்தை ஒட்டித் தாழத் தொடங்கி, வலி நின்ற பின்னரும் மெதுவாகவே மீளும் துடிப்பு, பிராணவாயுக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். இரு வலிகளுக்கிடையே பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கினால் இது தெரியவே தெரியாது. பதிவேட்டில் 140 என்றிருக்கும். குழந்தையோ அழாமல் பிறக்கும்.

துடிப்பையும் வலியையும் ஒருங்கே தாளில் வரையும் மின்னணுக் கருவி 1960களின் இறுதியில் மேலைநாட்டு மருத்துவமனைகளில் புகுந்தது. மிகுந்த நம்பிக்கையோடு வரவேற்கப்பட்ட அக்கருவியை, டப்ளின் நகரில் ஏறத்தாழ 13,000 தாய்மாரிடையே நடந்து 1985இல் வெளியான ஆய்வு சோதித்தது. பிறந்த குழந்தைகளுக்கு வரும் வலிப்பு பாதியாகக் குறைந்தது உண்மை. இறப்பு விகிதமோ குறையவில்லை. ஆயுதப் பிரசவங்களும் சற்றுக் கூடின. நலமுள்ள தாய்மாருக்குத் தொடர் பதிவு தேவையில்லை என உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இடர்மிக்க கர்ப்பங்களில் மட்டும் அதன் இடம் நீடிக்கிறது.

அந்த இடர்மிக்க தாய்மாரை முன்னதாகவே இனங்காண்பதற்கென்றே 2016இல் பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. மாதந்தோறும் 9ஆம் நாள் மருத்துவரே பரிசோதிப்பது அதன் ஏற்பாடு. எனினும், கருவி இல்லாத பிரசவ அறையில் வலி கண்டுவிட்டால், செவிலியரின் காதே துணை. மின்சாரம் வேண்டாத பினார்டு குழல் அங்கும் பயன்படும். வலி முற்றிய முதற்கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், இரண்டாம் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு நிமிடம், வலியின்போதும் அது நின்று அரை நிமிடம் வரையிலும். ஒரே செவிலியர் பல பிரசவங்களைக் கவனிக்கும் அறையில் இது எளிதன்று. கருவி வாங்குவதைவிட ஆள் நியமிப்பது கடினமான செலவு.

துடிப்பு மாறியது தெரிந்தால் தாயை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஏறிக்கொண்டிருந்தால் அதை உடனே நிறுத்த வேண்டும். துடிப்பு சீராகாவிடில், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குத் தகவல் தந்து, தாமதமின்றி வண்டியில் அனுப்ப வேண்டும்.