சோலைத் தீவுகளின் சிறு குடிமக்கள்

நீலகிரியின் உயர்ந்த சரிவுகளில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. அதன் மடிப்புகளில், ஓடைகள் ஓடும் பள்ளங்களில் மட்டும், கரும்பச்சை நிறத்தில் குட்டையான மரங்கள் அடர்ந்து நிற்கும். இவையே சோலைக் காடுகள். நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திற்கு மேல் இவற்றைக் காணலாம். கடலில் தீவுகள் கிடப்பது போலப் புல்வெளியில் சோலைகள் கிடக்கின்றன.

ஒரு சோலையிலிருந்து அடுத்த சோலைக்குப் பறவை பறந்து போகும். கடமான் நடந்து போகும். சருகுக்கடியில் வாழும் நத்தையும் மரவட்டையும் எப்படிப் போகும்? இந்தச் சிறிய கேள்விக்குள் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

சருகுக்கடியில் ஓர் ஊர்

சோலைக்குள் நுழைந்தால் வெயில் மறைந்துவிடுகிறது. மரங்களின் மேல் பாசியும் பெரணியும் படர்ந்திருக்கின்றன. காலடியில் சருகு மெத்தை எப்போதும் நனைந்தே இருக்கிறது. ஒரு கைப்பிடிச் சருகை விலக்கிப் பாருங்கள். மரவட்டை, பூரான், நத்தை, மண்புழு, தரைவண்டு, எறும்பு, வாலை உதைத்துத் துள்ளும் கடுகளவுப் பூச்சிகள் என ஓர் ஊரே அங்கு இருக்கும். இவை யாவும் முதுகெலும்பற்ற பிராணிகள்.

இந்த ஊரார் சும்மா இருப்பதில்லை. மரவட்டை சருகைக் கடித்துத் தூளாக்குகிறது. அத்தூளைக் காளான்களும் பாக்டீரியாக்களும் மட்கச் செய்கின்றன. மண்புழு அதை மண்ணோடு கலக்கிறது. இவ்வாறு உருவாகும் மண், பஞ்சு போல மழைநீரை உறிஞ்சிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது.

நீர் போனால் உயிர் போகும்

கரப்பான்பூச்சியின் உடல்மேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. அதனால் அதன் உடலிலுள்ள நீர் எளிதில் ஆவியாவதில்லை. பெரும்பாலான மரவட்டைகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. சுவாசத் துளைகளை இறுக மூடிக்கொள்ளவும் அவற்றால் முடியாது. மண்புழு ஈரமான தோலால்தான் சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். நத்தை நகர்வதற்கே குழம்பு போன்ற திரவத்தைச் செலவிட வேண்டும்.

புல்வெளியிலோ பகலில் வெயில் நேராக விழுகிறது, காற்று வீசுகிறது, குளிர்கால இரவுகளில் உறைபனி படிகிறது. நமக்கு இருநூறு மீட்டர் என்பது மூன்று நிமிட நடை. நத்தைக்கு அது ஒரு பாலைவனம்.

புல்வெளி மட்டுமல்ல, சாதாரணச் சாலைகூடத் தடையாகிவிடும். ஜெர்மனியில் மாடர் என்ற ஆராய்ச்சியாளர் காட்டுத் தரைவண்டுகளுக்கு அடையாளம் இட்டு, காட்டின் நடுவே செல்லும் சாலையருகே விட்டுப் பார்த்தார். அவை சாலையோரம் வரை வந்தன. சாலையைக் கடந்தவை மிக அரிது. இந்த ஆய்வு 1984இல் வெளியாயிற்று.

தீவுகள் சொன்ன பாடம்

அமெரிக்க விஞ்ஞானிகளான ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் 1967இல் ஒரு கொள்கையை விரிவாக வெளியிட்டனர். ஒரு தீவில் எத்தனை உயிரினங்கள் இருக்கும் என்பதை இரண்டு செயல்கள் தீர்மானிக்கின்றன என்றனர். ஒன்று, வெளியிலிருந்து புதியவை வந்து சேருவது. மற்றது, இருப்பவை அழிந்துபோவது. தீவு தொலைவில் இருந்தால் வரவு குறையும். தீவு சிறிதாக இருந்தால் அழிவு கூடும்.

இதைச் சோதிக்க வில்சனும் அவருடைய மாணவர் சிம்பர்லாஃபும் ஃபுளோரிடாவின் சிறிய அலையாத்தித் தீவுகளைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றைக் கூடாரத்தால் மூடி, நச்சுப்புகையால் பூச்சிகளையும் சிலந்திகளையும் முற்றிலும் ஒழித்தனர். பிறகு காத்திருந்தனர். ஓராண்டுக்குள் பெரும்பாலான தீவுகளில் உயிரின வகைகளின் எண்ணிக்கை பழைய அளவை நெருங்கிவிட்டது. மிகத் தொலைவில் இருந்த தீவில் மட்டும் அது மந்தமாக இருந்தது.

அந்தத் தீவுகளுக்கு வந்தவை இறக்கையால் பறந்தும், காற்றில் மிதந்தும், நீரில் மிதந்த கட்டைகளில் ஏறியும் வந்தன. நம் மரவட்டைக்கு இறக்கை இல்லை. ஒரு சிறு சோலையில் கடும் வறட்சியால் ஒரு நத்தை இனம் அற்றுப்போனால், அதை ஈடுசெய்ய அடுத்த சோலையிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வரவு இல்லாத வீட்டில் செலவு மட்டும் நடப்பது போலத்தான்.

ஒரு சிறு கணக்கு

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் 1,000 மீட்டர் உள்ள ஒரு சதுரக் காட்டை வரையுங்கள். அதன் பரப்பு 100 ஹெக்டேர். வெளிக்காற்றும் வெயிலும் ஓரத்திலிருந்து 100 மீட்டர் வரை புகுந்து சருகை உலர்த்துவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஈரமான உட்பகுதி, பக்கம் 800 மீட்டர் உள்ள சதுரம். அதாவது 64 ஹெக்டேர்.

இதே காட்டைச் சம அளவில் நான்கு தனித் துண்டுகளாக்குங்கள். ஒவ்வொன்றிலும் உட்பகுதி 9 ஹெக்டேர். மொத்தம் 36 தான். இருபத்தைந்து துண்டுகளாக்கினால்? ஒவ்வொன்றும் பக்கம் 200 மீட்டர். ஈரமான உட்பகுதி பூஜ்யம்! காட்டின் மொத்தப் பரப்பில் ஒரு ஹெக்டேர்கூடக் குறையவில்லை. ஆனால் மரவட்டை வாழ இடம் இல்லை.

பழைய பிரிவும் புதிய பிரிவும்

"சோலைகள் இயற்கையிலேயே பிரிந்துதானே இருக்கின்றன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நீலகிரிச் சதுப்புகளில் படிந்துள்ள கரிய மண்ணை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் வறட்சி மிகுந்து புல்வெளி ஓங்கியிருந்தது தெரியவந்தது. ஈரம் கூடிய காலங்களில் காடு பரவியது. இந்த மாற்றங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாக நடந்தவை. மலைகள் ஒன்றிலிருந்து ஒன்று நெடுங்காலம் பிரிந்திருந்ததால்தான் வேறெங்கும் இல்லாத நத்தை இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றின.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நடந்த மாற்றம் வேறு வகை. தேயிலைத் தோட்டங்கள், சாலைகள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள் ஆகியவை சில தலைமுறைகளுக்குள் சோலைகளையும் புல்வெளிகளையும் துண்டாடின. இந்த வேகத்திற்கு ஈடுகொடுக்க நத்தையால் முடியாது.

இதற்காகப் புல்வெளியில் கண்டபடி மரம் நடுவது தீர்வாகாது. புல்வெளிக்கும் தனி உயிரினங்கள் உண்டு. பெரிய சோலைகளைத் துண்டாக்காமல் காப்பது, ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் விடுவது, விழுந்த மரங்களையும் சருகையும் அப்படியே கிடக்க விடுவது ஆகியவையே முதல் வேலைகள்.

செய்து பாருங்கள்

பள்ளித் தோட்டத்து மரநிழலில் ஒரு கைப்பிடி ஈரச் சருகை எடுங்கள். புனலுக்குள் கொசுவலைத் துண்டை வைத்து, அதன்மேல் சருகைப் பரப்புங்கள். புனலின் கீழே ஈரத்தாள் இட்ட பாட்டிலை வையுங்கள். மேலே, சருகைத் தொடாத உயரத்தில், 25 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள். ஆசிரியர் உடன் இருக்கட்டும். எல்.இ.டி. விளக்கு போதிய சூடு தராது. சருகு மேலிருந்து உலர உலர, அதிலுள்ள சிற்றுயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிப் பாட்டிலில் விழும். இத்தாலிய விஞ்ஞானி பெர்லீஸ் 1905இல் அறிமுகப்படுத்திய முறை இது. வெயிலில் கிடக்கும் சருகையும் இவ்வாறே சோதித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பாட்டிலில் விழுந்தவற்றை எண்ணி முடித்ததும், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். உங்கள் பாட்டிலில் அவற்றுக்கு ஈரத்தாள் இருந்தது. காடு காய்ந்தால், கீழே இறங்க அவற்றுக்கு வேறு இடம் இல்லை.