ஷவரில் விளையும் சுண்ணாம்புக்கல்

ஆலங்குளம் என்றதும் பலருக்குத் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ராஜபாளையத்துக்குக் கிழக்கே, விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் சிமெண்ட் ஆலை ஆலங்குளம். இங்கே அரசு ஆலை 1970-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1976-இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் உருவானபோது அதன் கைக்கு வந்தது. ஆலை இந்த ஊரைத் தேடி வந்ததற்குக் காரணம் மண்ணுக்குள் கிடந்த சுண்ணாம்புக்கல். சிமெண்ட் சூளையில் சுமார் 1,450 டிகிரி வரை வெந்து சிமெண்டாகும் அந்தப் பொருளேதான், ஷவரின் துளைகளில் வெள்ளையாகப் பூத்துத் தண்ணீரை மறிப்பதும். வேதியியல் பெயர் இரண்டுக்கும் ஒன்றே: கால்சியம் கார்பனேட்.

கல் எப்படிக் குழாய் வழியாக வந்தது? மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக விட்ட கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. அதனால் அது மிக மெல்லிய அமிலமாகிறது. கரிசலுக்கு அடியில் கிடக்கும் சுக்கான் கல்லையும் சுண்ணாம்புப் பாறையையும் கரைக்க அந்த மெல்லிய அமிலமே போதும். கரைந்தபின் கண்ணுக்குத் தெரியாது. போர் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் பளிங்குபோல்தான் இருக்கும். வெளிக்காற்றுக்கு வந்ததும் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகிறது; அதன் துணையில் கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. சூடுபடுத்தினால் இது இன்னும் வேகமாக நடக்கும். சர்க்கரையும் உப்பும் சுடுதண்ணீரில் கூடுதலாகக் கரையும்; கால்சியம் கார்பனேட் நேர்மாறு. கீசர் வைத்த வீட்டில் ஷவர் சீக்கிரம் அடைவதும், வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதும் இதனால்தான்.

ராஜபாளையம் பக்கத்து மலையிலிருந்து இறங்கும் அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். அந்த மலைப்பாறையில் சுண்ணாம்பு குறைவு. சில மைல் கிழக்கே வந்து போர் தண்ணீரில் அதே சோப்பைப் போட்டால் நுரைக்குப் பதில் திரித்திரியாக அழுக்குத்தான் மிதக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) தண்ணீரின் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம். அந்த 600 உள்ள தண்ணீரில் 20 லிட்டர் வாளியொன்று எடுத்தால், கால்சியம் கார்பனேட் கணக்கில் 12 கிராம். அதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். மீதி தங்கும் இடங்களில் ஒன்று ஷவர்.

ஷவர் அடைவது தண்ணீர் ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகு. ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நிற்கும். அது காய்ந்ததும் துளையின் விளிம்பில் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று மிஞ்சும். மறுநாள் அதன்மேல் இன்னொன்று. துளையின் குறுக்களவு பாதியானால் தண்ணீர் போகும் பரப்பு கால்பங்காகச் சுருங்கிவிடும். நம் வீடுகளில் தொட்டி மொட்டை மாடியில்தான் இருக்கிறது. மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் 3 மீட்டர் உயரம் என்றால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார் மட்டுமே. அந்த அழுத்தத்தால் அடைப்பைத் தள்ள முடியாது. பாதித் துளை மூடிய ஷவர் நேராக ஊற்றாமல் சுவரில் பீய்ச்சும்.

சுத்தம் செய்ய ஆகும் செலவு ஒரு பாட்டில் வினிகர். அதில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. சுண்ணாம்பில் பட்டதும் சின்னச் சின்னக் குமிழாக நுரைக்கும். வெளியேறுவது, மண்ணுக்குள் மழைநீர் சேர்த்துக்கொண்டு வந்த அதே கார்பன் டை ஆக்சைடு. ஷவரைக் கழற்ற முடிந்தால் கழற்றி ஒரு கிண்ணத்தில் ஊறவையுங்கள். முடியாவிட்டால் பால் பாக்கெட் கவரில் வினிகரை ஊற்றி, துளைகள் மூழ்கும்படி ஷவரில் மாட்டி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். குரோம் பூச்சு என்றால் ராத்திரி முழுக்க விட வேண்டாம். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சம் அடைத்திருக்கும் துளையில் ஈர்க்குச்சியை விட்டு எடுங்கள். இரும்பு ஊசி துளையை அகலமாக்கிவிடும். ஈர்க்குச்சி அப்படிச் செய்யாது. கழற்றியவர்கள் உள்ளே இருக்கும் சல்லடையையும் பாருங்கள். அங்கே சுண்ணாம்பைவிடத் தொட்டி மணலும் பி.வி.சி. குழாய் அறுத்த துருவலும்தான் அதிகம் இருக்கும். அதற்கு வினிகர் எதுவும் செய்யாது, குழாயடியில் அலசினால் போய்விடும். திரும்ப மாட்டும்போது மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற மறக்க வேண்டாம்.

பித்தளை விளக்கு துலக்கும் புளி இதற்கு ஆகாதா என்று கேட்கலாம். அவ்வளவாக ஆகாது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது சுண்ணாம்போடு சேர்ந்து உருவாக்கும் உப்பு தண்ணீரில் எளிதில் கரையாது, துளையிலேயே தங்கிவிடும். எலுமிச்சை பரவாயில்லை. கடையில் விற்கும் டாய்லெட் ஆசிட் பக்கம் மட்டும் போகவே கூடாது. அதிலிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், கூடவே குரோம் பூச்சையும் அரிக்கும். ஆசிட்டோ வினிகரோ, எதையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்காதீர்கள். வெளிவருவது குளோரின் வாயு; அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

அடைப்பு மட்டும்தான் பிரச்சினையா? 2009-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் பேஸ் குழுவினர் 9 நகரங்களில் 45 ஷவர்களைச் சோதித்தார்கள். சுமார் 30 சதவீதத்தில் மைக்கோபாக்டீரியம் ஏவியம் என்ற கிருமி கணிசமாக இருந்தது. ஷவருக்குள் ஈரமும் இருட்டும் உண்டு. படிவின் சொரசொரப்பு கிருமிக்குப் பிடிமானம். 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு வேறொன்றைச் சொன்னது: அமெரிக்காவில் குளோரின் கலந்த நகராட்சித் தண்ணீர் வரும் ஷவர்களில்தான் கிணற்றுத் தண்ணீர் ஷவர்களைவிட இந்த இனக் கிருமிகள் அதிகம். குளோரினைத் தாங்கும் கிருமி, மற்றவை செத்த இடத்தில் பெருகிக்கொள்கிறது. நல்ல உடல்நலம் உள்ளவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. நுரையீரல் நோய் உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் கவனமாக இருக்கலாம். வீட்டைப் பூட்டிப் பல நாள் வெளியூர் போய்த் திரும்பினால், ஷவரைத் திறந்துவிட்டு வெளியே வந்து சில நிமிடம் ஓடவிட்டபின் குளியுங்கள்.

அடுத்த முறை கடையில் ஷவர் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். துளைகள் ரப்பர் போன்ற சிலிக்கோனில் இருந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே படிவு உதிரும். முகப்புத் தட்டைத் திருகிக் கழற்ற முடிந்தால் உள்ளேயும் கழுவலாம். இரண்டும் இல்லாத மினுமினுப்பான ஷவரைப் போர் தண்ணீர் வீட்டில் மாட்டுவது வீண் செலவு.